முதல் பிள்ளை ஆபரேஷன்; அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா?

டாக்டரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்பது ஒரே விஷயத்தைப் பற்றியவை. முதல் பிரசவம் சிசேரியன், மறுபடி மாசமாக இருக்கிறேன், இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா, ஆபத்தா? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64. அப்படியிருக்க, இந்தக் கேள்வி இல்லாத தெரு இன்று ஏது? அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற வாசகிகள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். மூத்தவனுக்கு இரண்டே முக்கால் வயது ஆகிறது. கடைசி வரை தலை திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருந்ததால் நாள் குறித்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எனக்கு வலியே வரவில்லை. இப்போது ஏழு மாதம். நான் பார்க்கும் டாக்டர், “முதல் தடவை சிசேரியன் என்றால் இதுவும் சிசேரியன்தான், தேதி பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறார். மாமியார், “நான் நாலு பிள்ளையும் வீட்டிலேயே பெற்றேன், மனசு வைத்தால் முடியும்” என்கிறார். அம்மாவோ, “தையல் பிரிந்துவிடும்” என்று அழுகிறார். எனக்கு சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று ஆசை இருக்கிறது. பயமும் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் அம்மாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. ‘தையல் பிரிந்துவிடும்’ என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் உங்கள் கர்ப்பப்பையில் இப்போது தையலே கிடையாது. அன்று போட்ட நூல் சில மாதங்களிலேயே கரைந்து போயிருக்கும். அங்கே இருப்பது ஆறிய தழும்பு. பிரசவ வலியில் கர்ப்பப்பை இறுகி இறுகித் தளரும்போது அந்தத் தழும்பு தாங்குமா என்பதுதான் கேள்வி.

அது எங்கே போட்ட தழும்பு என்பதைப் பொறுத்தது. வயிற்றுத் தோலில் தெரிகிற கோட்டைச் சொல்லவில்லை. தோலில் குறுக்காக வெட்டிவிட்டு உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்காகவும் வெட்டியிருக்கலாம். கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கர்ப்பப்பையின் அடிப்பகுதி மெல்லியது, வலியின்போது அதிகம் இறுகாத பகுதி. அங்கே குறுக்கே வெட்டியிருந்தால் தழும்பு நன்றாகத் தாங்கும். மேல்பகுதியில் நெடுக்கே வெட்டியிருந்தால் தாங்காது. அந்த மாதிரித் தழும்பு நூற்றில் நாலு முதல் ஒன்பது பேருக்கு வலி வரும்போது பிளந்துவிடும். அவர்கள் சுகப்பிரசவத்தை நினைக்கவே கூடாது, வலி வருவதற்கு முன்பே ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும்.

‘ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்ற பேச்சு உங்கள் டாக்டர் கண்டுபிடித்ததல்ல. 1916இல் நியூயார்க்கில் எட்வின் கிரேகின் என்ற டாக்டர் சொன்னது. அவர் காலத்தில் எல்லோருமே மேல்பகுதியில் நெடுக்காகத்தான் வெட்டினார்கள். அந்தத் தழும்புக்கு அது சரியான பேச்சு. பிறகு 1920களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்றோ கெர் என்ற டாக்டர், அடிப்பகுதியில் குறுக்கே வெட்டும் முறையை விடாமல் எடுத்துச் சொல்லிப் பரப்பினார். இன்று நம் ஊரில் நடக்கும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை அந்த முறைதான். வெட்டு மாறியது, பேச்சு மட்டும் மாறாமல் நூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அடிப்பகுதியில் குறுக்கே வெட்டிய ஒரே ஒரு தழும்பு இருந்தால், வலி எடுத்து முயற்சி செய்கிறவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு பிளக்கிறது. நூறு பேர் முயற்சி செய்தால் 70, 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. மற்றவர்களுக்கு நடுவில் ஆபரேஷன் செய்ய வேண்டி வருகிறது. முன்பு எப்போதாவது சுகப்பிரசவம் ஆனவராக இருந்தால் இந்த எண்ணிக்கை 85, 90 வரை போகும். குழந்தையைப் பற்றிச் சொன்னால், இப்படி முயற்சி செய்வதில் அதன் உயிருக்கு உள்ள ஆபத்து, முதல் பிரசவத்துக்கு வருகிற பெண்ணின் குழந்தைக்கு உள்ள ஆபத்தைப் போலத்தான். மிகக் குறைவு.

உங்களுக்கு ஆபரேஷன் செய்த காரணம் குழந்தை தலை திரும்பாதது. அது அந்தக் குழந்தையோடு முடிந்துபோன காரணம். இடுப்பெலும்பு குறுகலாக இருந்து தலை இறங்காமல் போயிருந்தால் அதே காரணம் மறுபடியும் வரலாம், அப்போது வாய்ப்பும் குறையும். உங்களுக்கு அப்படி இல்லை. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே நல்ல இடைவெளியும் இருக்கிறது. முப்பத்தாறாவது வாரம் ஸ்கேனில் இந்தக் குழந்தையின் தலை கீழே இருந்து, எடை நாலு கிலோவுக்கு மேல் போகாது என்று தெரிந்து, நஞ்சுக்கொடியும் மேலே இருந்தால், நீங்கள் முயற்சி செய்யத் தகுந்தவர் என்றுதான் நான் சொல்வேன். இந்த முறையும் தலை திரும்பவில்லை என்றால் கவலைப்படாமல் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்.

சரி, அந்த 200இல் ஒருவருக்கு என்ன ஆகிறது? இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 29 வருடம் இருந்தேன். ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். முதல் பிரசவம் சிசேரியன் ஆன ஒரு பெண், கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்து சிஸ்டர், “மேடம், கலர் மாறுது” என்றார். வெளிர் ரோஜா நிறம். நான் வயிற்றில் கை வைக்கும்போதே மெஷினில் குழந்தையின் துடிப்பு 140இலிருந்து 90க்கு விழுந்தது. வலி விட்ட பிறகும் ஏறவில்லை. அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “வலி விட்டும் விடாம குத்துது மேடம், இங்கே” என்று அடிவயிற்றில் விரலை வைத்துக் காட்டினாள். தியேட்டர் அதே மாடியில், வராண்டாவைத் தாண்டினால் வந்துவிடும். மயக்க மருந்து டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். பதினான்காவது நிமிடம் குழந்தை வெளியே இருந்தது. தழும்பு ஒரு ஓரத்திலிருந்து பிளந்து சிறுநீர்ப்பை வரை இழுத்திருந்தது. குழந்தை இரண்டு நிமிடம் கழித்து அழுதது. அம்மாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். கர்ப்பப்பையைத் தைத்துக் காப்பாற்ற முடிந்தது.

அதே வருடம் இன்னொரு பெண். வேறொரு இடத்தில் வலி எடுத்து, அங்கே ராத்திரி ஆபரேஷன் செய்ய ஆள் இல்லை. நாற்பது கிலோமீட்டர் வேனில் வந்தாள். வந்து சேரும்போது வலி நின்றிருந்தது. வயிறு உருவம் மாறி, குழந்தையின் கைகால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்பட்டது. தாயைக் காப்பாற்றினோம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டு. குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. அவளுடைய அம்மா வார்டு வாசலில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் குழந்தைக்கு வாங்கிய துணி எல்லாம் இருந்தது. முதல் ஆபரேஷன் காகிதம் மட்டும் இல்லை.

இரண்டு பேருக்கும் வந்தது ஒரே ஆபத்து. ஒருத்திக்கு வராண்டா தூரம், இன்னொருத்திக்கு நாற்பது கிலோமீட்டர். இந்த விஷயத்தில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. தழும்பு பிளப்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது, ஸ்கேனாலும் முடியாது. ஆனால் பிளந்த நிமிடத்தைக் கண்டுபிடிக்கவும், உடனே வயிற்றைத் திறக்கவும் ஆள் இருந்தால் பெரும்பாலும் இரண்டு உயிரையும் காப்பாற்றிவிடலாம். பதினேழு, பதினெட்டு நிமிடத்துக்குள் எடுத்த குழந்தைகள் பொதுவாகத் தேறிவிடுகின்றன. அதற்கு மேல் போகப் போக ஒவ்வொரு நிமிடமும் குழந்தையின் மூளைக்கு நஷ்டம்.

ஆகவே நீங்கள் டாக்டரிடம் ‘சுகப்பிரசவம் ஆகுமா’ என்று கேட்பதற்கு முன்னால் வேறு சிலதைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் ஆபரேஷன் செய்யக்கூடிய டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா, போன் செய்துதான் கூப்பிட வேண்டுமா? மயக்க மருந்து டாக்டர் எங்கே தங்கியிருக்கிறார்? என் குரூப் ரத்தம் அங்கேயே இருக்குமா? வலி முழுக்கக் குழந்தையின் துடிப்பை மெஷினில் தொடர்ந்து பார்ப்பீர்களா? பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பாரா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் உங்கள் டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்றும் புரியும். சிறிய நர்சிங் ஹோமில் ஒரே டாக்டர், மயக்க மருந்துக்கு ஆள் டவுனிலிருந்து பைக்கில் வர வேண்டும் என்றால், ‘இங்கே வேண்டாம்’ என்று அவர் சொல்வது நேர்மையான பதில். அவர் மேல் வருத்தப்படாதீர்கள். “உங்களிடம் முடியாது என்றால் எங்கே முடியும், ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், பெரிய அரசு மருத்துவமனைகளில் தாய்க்கும் சிசுவுக்கும் அவசர சிகிச்சை தருகிற சீமாங் மையங்களிலும் இருபத்து நாலு மணி நேரமும் ஆபரேஷன் வசதியும் ரத்தமும் உண்டு. இப்போதே, எட்டாம் மாதத்துக்குள் அங்கே ஒரு தடவை போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். வலியோடு முதல் முறையாகப் போய் நின்றால் உங்களை யாருக்கும் தெரியாது.

ஆபரேஷனே செய்துகொள்கிறேன் என்று நீங்கள் முடிவு செய்தாலும் அது தவறான முடிவல்ல. நாள் குறித்துச் செய்தால் தழும்பு பிளக்கும் பயம் அநேகமாக இல்லை. 39 வாரம் முடிந்த பிறகு வையுங்கள். நல்ல நேரம் பார்க்கிறோம் என்று 37ஆம் வாரமே எடுத்துவிட்டு, குழந்தை மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் யோசியுங்கள், நீங்கள் மூன்றாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறவரா? ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு கீழே இறங்கி, பழைய தழும்பில் வேர் விட்டது போல ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. 2006இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், நஞ்சு கீழே இருந்த பெண்களில் இரண்டாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு அப்படி ஒட்டியிருந்தது. மூன்றாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் 40 பேருக்கு. அந்த ஆபரேஷன்களில் போகிற ரத்தம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டோடு போதும் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பெரிதில்லை.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். அவருடைய நாலு பிரசவமும் தழும்பில்லாத கர்ப்பப்பையில் நடந்தவை. மனசு வைப்பது நல்லதுதான், ஆனால் தழும்புக்கு மனசு தெரியாது. நடுவில் டாக்டர் ‘போதும், ஆபரேஷன் செய்யலாம்’ என்றால், ‘இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாமே’ என்று வெளியிலிருந்து யாரும் கையெழுத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. அப்படி நிறுத்தி வைத்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் போய்விடும். இதை இப்போதே, வலி வருவதற்கு முன்பே, உங்கள் கணவர் வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும்.

கேள்வி: 24 வயது. முதல் குழந்தை ஆபரேஷன். இப்போது நாள் தாண்டி நாலு நாள் ஆகிறது, வலி வரவில்லை. ஜெல் வைத்தோ ஊசி போட்டோ வலி வரவைக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். அவருக்கு அப்படித்தான் செய்தார்களாம். செய்யலாமா?

பதில்: அந்த அக்காவுக்கு அது முதல் பிரசவமாக இருந்திருக்கும். அவருக்குச் சரி. உங்களுக்கு அதே மருந்து வேறு மாதிரி வேலை செய்யும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முதல் பிரசவம் சிசேரியன் ஆன 20,000 பெண்களின் அடுத்த பிரசவத்தைப் பார்த்து 2001இல் ஒரு ஆய்வு வந்தது. தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஐந்து பேருக்குத் தழும்பு பிளந்தது. ஜெல் வகை மருந்து இல்லாமல் வேறு வழியில் வலி வரவைத்தவர்களில் ஆயிரத்துக்கு எட்டுப் பேர். ஜெல் வகை மருந்து வைத்தவர்களில் ஆயிரத்துக்கு 24, 25 பேர். ஐந்து எங்கே, இருபத்தைந்து எங்கே! நிறைமாதத்தில் வலி வரவைக்கக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை இருக்கிறதே, பழைய தழும்பு உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. யாராவது மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னாலோ கீழே வைக்க வந்தாலோ, “எனக்கு முதல் பிரசவம் சிசேரியன்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். பெயர் கேட்பதற்கு முன்னால் இதைச் சொன்னாலும் தப்பில்லை.

வலியைக் கூட்டக் குளுக்கோஸ் பாட்டிலில் ஏற்றும் ஆக்சிடோசின் மருந்தை எப்போதுமே கூடாது என்று ஒதுக்கிவிட முடியாது. வலி தானாக வந்து நடுவில் சோர்ந்துபோனால், பெரிய மருத்துவமனையில், சொட்டுச் சொட்டாக, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு கொடுப்பார்கள். அதற்கும் ஆபத்து கொஞ்சம் கூடத்தான் செய்யும். கர்ப்பப்பை வாயில் சிறு பலூன் வைத்துத் திறக்க வைப்பது இன்னொரு வழி, அது மருந்து இல்லாததால் பழைய தழும்பு உள்ளவர்களுக்கு ஜெல்லை விட அதையே பல டாக்டர்கள் விரும்புகிறார்கள்.

நாலு நாள்தானே தாண்டியிருக்கிறது. நாளைக்கே மருத்துவமனைக்குப் போய்க் குழந்தையின் துடிப்பையும் பனிக்குட நீரின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் 41 வாரம் நெருங்கும்வரை தானாக வலி வரக் காத்திருக்கலாமா, பலூன் வைக்கலாமா, ஆபரேஷனா என்று மூத்த டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் நாளை வரைகூடக் காத்திருக்காமல் இன்றே போங்கள். விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்று யாராவது சொன்னால் குடிக்க வேண்டாம். வயிற்றுப்போக்கும் களைப்பும்தான் மிஞ்சும், அந்தக் களைப்போடு பிரசவத்துக்குப் போவது கஷ்டம்.

கேள்வி: மகளுக்குப் பதினொரு மாதம். சிசேரியன் குழந்தை. பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கருத்தரிக்காது என்று நினைத்தோம். இப்போது மூன்று மாதம். எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு சுகப்பிரசவத்துக்கு வழியே இல்லையா?

பதில்: திட்டுகிறவர்கள் திட்டட்டும். நீங்கள் முதலில் ரத்தச் சோகை இருக்கிறதா என்று பாருங்கள், இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் கருத்தரிக்காது என்பதை நம்பி வருகிறவர்கள் ஏராளம். குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டாலோ, மாதவிலக்கு மறுபடி வந்துவிட்டாலோ அதை நம்ப முடியாது.

இடைவெளியை ஒரு பிரசவத்திலிருந்து அடுத்த பிரசவம் வரை கணக்குப் போடுவோம். உங்களுக்கு அது பதினேழு மாதம் வரும். பதினெட்டு, பத்தொன்பது மாதத்துக்குக் குறைவாக இருந்தால் தழும்பு பிளக்கும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கதவே அடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உங்கள் கணக்கு விளிம்பில் நிற்கிறது. முதல் ஆபரேஷன் எதற்கு, தழும்பு எப்படிப்பட்டது என்று தெரிந்து, வலி தானாக வந்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ஒரு இடத்தில் என்றால் அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். நானாக இருந்தால் ஆபரேஷன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். எப்படிப் பிறந்தாலும், பிறந்த கையோடு காப்பர் டி போடுவதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இரண்டு சிசேரியன் ஆகிவிட்டது. மூன்றாவது சுகப்பிரசவம் ஆனவர்கள் உண்டா?

பதில்: உண்டு. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு முயற்சி செய்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நூற்றில் 71 பேருக்கு ஆகியிருக்கிறது. ஆனால் தழும்பு பிளந்தது நூற்றில் ஒன்றுக்கும் கொஞ்சம் அதிகம். ஒரு தழும்பை விட இரண்டு மடங்குக்கும் மேல். நம் ஊரில் பெரும்பாலான டாக்டர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள், நானும் யாரையும் இதற்குத் தூண்ட மாட்டேன். நடுவில் ஒரு சுகப்பிரசவம் ஆனவராக இருந்தால் மட்டும் மறுபடி எனக்கு எழுதுங்கள். எப்படியிருந்தாலும் நஞ்சு எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேனில் கட்டாயம் பார்க்க வேண்டும். இதில் அலட்சியம் வேண்டாம்.

கேள்வி: என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். முதல் குழந்தை சிசேரியன். அப்போது யாரும் அவளை மதிக்கவில்லை, கேட்காமலே எல்லாம் செய்தார்கள் என்று இன்றும் அழுவாள். இப்போது எட்டு மாதம். இந்தத் தடவை மருத்துவமனைக்கே போக மாட்டேன், வீட்டிலேயே தண்ணீர்த் தொட்டியில் பெற்றுக்கொள்கிறேன், வீடியோவில் எல்லாம் பார்த்துவிட்டேன் என்கிறாள். மாப்பிள்ளையும் சரி என்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பதில்: அவளோடு சண்டை போடாதீர்கள் அம்மா. அவள் கோபம் நியாயமானது. படுக்க வைத்து, என்ன செய்கிறோம் என்று சொல்லாமல், ஆறு பேர் வந்து போகிற அறையில் திரை போடாமல் பரிசோதித்தால் எந்தப் பெண்ணுக்கும் மனம் காயப்படும். அது நடக்கிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கான பதிலை மருத்துவமனைக்குள்ளேயே தேடலாம் என்று அவளிடம் சொல்லுங்கள். கூட ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிற இடம், படுக்கையில் கட்டிப் போடாமல் நடக்க விடுகிற இடம், முதுகில் வலி நிவாரண ஊசி போடுகிற இடம் எல்லாம் சென்னையில் கிடைக்கும். அந்த ஊசி போட்டால் தழும்பு பிளப்பது தெரியாமல் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படியில்லை. முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழந்தையின் துடிப்புதான், அது ஊசிக்கு மறையாது.

வீட்டில் பெறுவது மட்டும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பவளின் குழந்தைக்குத் துடிப்பு விழுந்தால் யாருக்குத் தெரியும்? தெரிந்த பிறகு மாடியிலிருந்து இறக்கி, 108க்குச் சொல்லி, சென்னை டிராஃபிக்கில் போய்ச் சேர்ந்து, அங்கே ரத்தம் எடுத்து, தியேட்டர் தயார் செய்து… மேலே நான் சொன்ன நிமிடக் கணக்கை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவளை ஒரு நல்ல டாக்டரிடம் அழைத்துப் போய், “போன தடவை என்னவெல்லாம் நடந்தது, இந்தத் தடவை எனக்கு என்னவெல்லாம் வேண்டும்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கிப் படிக்காத டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

கேள்வி: நான் கணவன். மனைவிக்கு இரண்டாவது பிரசவம், முதலாவது சிசேரியன். பெரிய மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். 38 வாரம். வலி வந்த பிறகு என்னால் எதுவும் செய்ய முடியாது, அதற்கு முன் நான் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: கேட்டதற்கு மிகவும் சந்தோஷம் தம்பி. ஒன்பது கடிதத்தில் ஒரு ஆண் எழுதியது இது ஒன்றுதான்.

வலி ஆரம்பித்தவுடன் கிளம்பிவிடுங்கள். மற்றவர்களுக்கு ‘ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வரும்வரை வீட்டில் இருங்கள்’ என்று சொல்வார்கள், அது உங்கள் மனைவிக்குப் பொருந்தாது. குடம் உடைந்து நீர் போனாலும், ரத்தம் பட்டாலும், பழைய தழும்பு இருக்கிற இடத்தில் விடாமல் வலித்தாலும், குழந்தை அசைவு குறைந்தாலும் உடனே போக வேண்டும், ராத்திரி என்று பார்க்கக் கூடாது. வண்டிக்கு இரண்டு ஏற்பாடு வையுங்கள், ஒன்று கைவிட்டால் இன்னொன்று. மனைவியின் ரத்த குரூப்பே உள்ள நண்பர்கள் இருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூத்த குழந்தையை யாரிடம் விடுவது என்று இன்றே பேசி முடியுங்கள். பிள்ளையை விட ஆள் வரட்டும் என்று வாசலில் ஒரு மணி நேரம் நின்ற குடும்பங்கள் உண்டு.

உள்ளே போனதும் கையில் ஊசி குத்தி வைப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், வயிற்றில் பெல்ட் கட்டுவார்கள். “இன்னும் ஆபரேஷனே முடிவாகவில்லையே, எதற்கு இதெல்லாம்” என்று கேட்காதீர்கள். திடீரென்று ஓட வேண்டி வந்தால் அந்த ஊசி போட ஆகும் நேரம் மிச்சம். நடுவில் உங்கள் மனைவிக்கே பயம் வந்து, ‘எனக்கு ஆபரேஷனே செய்துவிடுங்கள்’ என்று சொன்னால் அவர் பக்கம் நில்லுங்கள். முயற்சி செய்வதாகச் சொன்னவர் மனம் மாறக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்புறம் அந்த முதல் ஆபரேஷன் காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். பீரோவில், அரிசி டின்னுக்குப் பின்னால், மாமியார் வீட்டுப் பரணில், எங்கே இருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை தேடி எடுங்கள். கர்ப்பப்பையில் எந்த இடத்தில் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள், வெட்டு கிழிந்து நீண்டதா, பிறகு காய்ச்சலோ சீழோ வந்ததா, எல்லாம் அதில் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் அந்த மருத்துவமனைக்கு நேரில் போய், ஆபரேஷன் நடந்த தேதியைச் சொல்லி நகல் கேளுங்கள், பழைய ரிஜிஸ்டரில் எடுத்துத் தருவார்கள். கிடைத்ததும் போனில் படம் பிடித்து உங்களிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று, மாமியாரிடம் ஒன்று வையுங்கள். அசலை இப்போதைய பிரசவ பைலுக்குள், முதல் பக்கத்தில் குத்தி வையுங்கள்.